இரண்டு தூண், நடுவே ஒரு சட்டம்

டார்கஸ் ஹாலம் எழுதிய எதையும்
நான் நேராக வாசித்ததில்லை.
ஷெஃபீல்டில் ஒரு பின்சந்து அச்சகத்தில்
எழுத்துக் கோர்ப்பவன் நான்.
அவர் கோபமெல்லாம் எனக்கு
ஈயத்தில், தலைகீழாகத்தான் பழக்கம்.

பேர் வரவேண்டிய இடத்தில்
'ஒரு பெண்மணி' என்று போடச் சொல்வார்.
பதினான்கு வருடம், இருபத்து மூன்று பிரசுரம்.
பெண்மணிக்கு வயதே ஏறவில்லை.
டார்கஸுக்கு மட்டும் மூட்டுவலி வந்தது.

அடிமைச் சர்க்கரை வாங்காதீர்கள் என்று
வீடு வீடாக ஏறி இறங்கிய நாட்களில்
கைப்பிரதியில் சேறு இருக்கும்.
முகத்தில் அறைந்து சாத்திய கதவுகளை
ஓரத்தில் கோடு கிழித்து எண்ணியிருப்பார்.
கோர்க்கவேண்டியதில்லைதான்,
ஆனாலும் எண்ணிப் பார்ப்பேன்.

ஆண்கள் சங்கம் கூடி
'படிப்படியாக விடுதலை' என்று தீர்மானம் போட்டது.
அந்த 'படிப்படியாக'வை அவர் அடித்த வேகத்தில்
தாள் கிழிந்திருந்தது.
மேலே 'இப்போதே'.
பக்கத்தில் எனக்கொரு குறிப்பு: பெரிய எழுத்தில்.
பெரிய எழுத்து எங்களிடம் போதாது.
சாவு அறிவிப்புக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டேன்.

பிறகு ஃபிபா லூவின்.
ஜமைக்காவிலிருந்து எஜமானியின் பெட்டிகளோடு வந்து இறங்கி
திரும்பிப் போக மாட்டேன் என்றவர்.
அவர் சொல்ல, டார்கஸ் எழுதினார்.
மெய்ப்பு பார்க்க இருவரும் அச்சகத்துக்கே வந்தார்கள்.
நவம்பர். மை உறைந்து, விளக்கருகே வைத்திருந்தேன்.

"அங்கே நின்று கண்ணீர் வடித்தேன்" என்று
டார்கஸ் படித்துக் காட்டினார்.
"நான் அழவில்லையே."
"வாசிக்கிறவர்கள்..." டார்கஸ் இழுத்தார்.
"அவர்கள் அழட்டும்.
என் கண்ணை எதற்குக் கடன் கேட்கிறார்கள்?"

வரியைப் பிரித்தேன்.
எழுத்துகள் ஒவ்வொன்றாய் அறைக்குத் திரும்பின.
என் விரலிடுக்கிலிருந்து ஒன்றை ஃபிபா எடுத்தார்.
எழுதப் படிக்கத் தெரியாதவர்.
"இது தெரியும்" என்றார்.

எச்.
இரண்டு தூண், நடுவே ஒரு சட்டம்.
ஈயத்திலும் தாளிலும்
ஒரே முகம் காட்டும் எழுத்துகளில் ஒன்று.

"மண்வெட்டி அலகில் இருக்கும்.
மேலே ஒரு முயல் ஓடும்.
கரும்புக்குக் குழி வெட்டக் குனிந்தால்
கண்ணுக்கு நேரே.
பதினொரு வருடம் பார்த்திருக்கிறேன்."

முயலும் எச்சும் ஹாலம் பட்டறையின் முத்திரை,
டார்கஸின் அப்பா கையால் வெட்டியது.
மகள் படித்த படிப்பு, வாங்கிய தாள், மை,
வாரக் கடைசியில் எனக்கு வந்த கூலி,
எல்லாம் அந்த முயல் ஓடி வந்த வழி.

டார்கஸ் மேசையைப் பிடித்துக்கொண்டார்.
நாற்காலியைத் தள்ளினேன். உட்காரவில்லை.
ஃபிபாதான் பேசினார்:
"நல்ல இரும்பு. ஒருமுறைகூட உடைந்ததில்லை.
உடைகிறதா என்று
பாறையில் போட்டுப் பார்த்திருக்கிறேன்."

மறுநாள் காலை புதுப் பக்கம் வந்தது.
அழகு ஒன்றும் இல்லை அதில்.
எத்தனை டஜன், எந்தக் கப்பல், என்ன விலை,
அப்பாவின் பேரேட்டிலிருந்து அப்படியே.
கீழே முதல் தடவையாக
'டார்கஸ் ஹாலம், மண்வெட்டி செய்தவர் மகள்.'
"என் பேர் அதற்கு மேலே" என்றார் ஃபிபா.
போட்டேன்.

முந்நூறு பிரதி அடித்து ஈரம் காயுமுன்
அண்ணன் ஈனக் ஹாலம் பணப்பையோடு வந்தார்.
முதலாளி வாங்கிக்கொண்டார்.
இருநூற்று அறுபது அடுப்புக்குப் போயிற்று.
மிச்சம் என் மேலங்கிக்குள் இருந்தது.
வீரம் என்று சொல்லமாட்டேன்;
வீடு சேரும்வரை கால் நடுங்கியது.

அண்ணன் வீட்டுக் கதவு அப்புறம் டார்கஸுக்குத் திறக்கவில்லை.
ஓரக் கோடுகளில் அதையும் சேர்த்திருப்பாரோ என்னவோ.
சட்டம் வந்த வருடம் அவர் இல்லை.
ஃபிபா இருந்தார். துணி வெளுத்துப் பிழைத்தார்.
அந்தக் காகிதத்தை அவருக்கு யாராவது
வாசித்துக் காட்டினார்களா, தெரியாது.

எச் அறையில் ஒன்று குறைகிறது என்று
முதலாளி கணக்குக் கேட்டார்.
அன்று ஃபிபா உள்ளங்கையை மூடியதை
நான் பார்த்திருந்தேன்.
தேய்ந்துபோயிற்று, எறிந்துவிட்டேன் என்றேன்.